அந்தோனியாருக்குப் பின்னால் இருந்த எண்

சனி, மே 3

காலையில் மழை. பத்து மணிக்கு வெயில். ரெயிலர் (ட்ரக்கால் இழுத்துப்போகிற வீடு) விற்கும் இடத்துக்குப் போய் இறங்க மறுபடி மழை. குடை காரில், கார் வீட்டில். போனது சம்பந்தியின் ட்ரக்கில்.

நாலு பேர்: நான், மலர், சம்பந்தி மரியநாயகம், அவர் மனைவி றோஸ்மேரி. (இனி ச. என்றே எழுதுவேன். ஒவ்வொரு முறையும் மரியநாயகம் என்று எழுதினால் கொப்பி முடிந்துவிடும்.)

யூலைத் திட்டம், மறக்காமலிருக்க: நாங்கள் நாலு பேரும் பேத்தி அனிக்காவும் இரண்டு கிழமை கிழக்குக் கடற்கரைக்கு. ரெயிலர் நான் வாங்குவது. இழுப்பது ச.வின் ட்ரக். மகள் தர்சினிக்கும் மருமகன் ஜெரோமுக்கும் லீவு ஒரு கிழமைதான், அவர்கள் பிறகு பிளேனில் வருவார்கள். நாலு வருடத்துக்கு முன் கல்யாணம் கோயிலிலா சேர்ச்சிலா என்று முட்டிக்கொண்ட இரண்டு குடும்பம், இப்போது ஒரே வண்டியில். நினைக்கவே சந்தோஷம்.

பார்த்தவை:
– 34 அடி. உள்ளே நெருப்பு எரிகிற மாதிரி ஒரு மின்சார அடுப்பு, சுவரில். மலர்: "எங்கட வீட்டிலயே உது இல்லை."
– 28 அடி பிஃப்த் வீல். இதன் மூக்கு ட்ரக்கின் பின்பெட்டிக்குள் ஏறி உட்காரும். மூக்குக்குள் படுக்கை அறை, மூன்று படி. குசினி ஜன்னல் பெரிது. றோஸ்மேரி கட்டிலில் இருந்து பார்த்தவர் எழும்பவேயில்லை.
– 21 அடி. சாதாரணம். ட்ரக்கின் பின்னால் கொழுக்கியில் மாட்டுவது. ஒருவரும் உள்ளே போகவில்லை.

விற்பனைக்காரர் சிவப்புத் தாடி. ச.வின் ட்ரக் 11,000 இறாத்தல் இழுக்குமாம், 28 அடி வெறும் 6,900தானாம், யோசிக்கவே தேவையில்லையாம். ச. மழையில் நனைந்தபடி ட்ரக்கைத் தட்டிக்கொடுத்தார். "உது எதையும் இழுக்கும், சம்மந்தி."

28 அடிதான் என்று நாலு பேரும் தலையாட்டினோம்.

ஞாயிறு, மே 4

குளிர். புல் வெட்டவில்லை. நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால்.

இருபத்தாறு வருடம் ஷிப்பிங்கில் இருப்பவன் நான். ஒரு வண்டி எவ்வளவு இழுக்கும் என்பது ஒரு கேள்வி. அதன் முதுகில் எவ்வளவு வைக்கலாம் என்பது வேறு கேள்வி. தாடிக்காரர் முதலாவதை மட்டும் சொன்னார், நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றேன். வெட்கம்.

6,900 என்பது வெறும் ரெயிலர். தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றினால் 8,500 வரை போகும். பிஃப்த் வீலில் அதில் ஐந்தில் ஒரு பங்கு ட்ரக்கின் முதுகில் இறங்கும். 1,700. அதைத் தாங்கும் இரும்புக் கொழுக்கி இன்னும் 140. அதற்கு மேல் நாங்கள்.

ச.வின் ட்ரக் எவ்வளவு தாங்கும்? ஒவ்வொரு ட்ரக்குக்கும் ஒவ்வொரு எண். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு லேபிள், அதில் இருக்கும்.

இங்கேதான் வில்லங்கம். நேற்று அவர் கதவைத் திறந்துவைத்துத் தாடிக்காரரோடு கதைத்தபோது தூணைப் பார்த்தேன். அந்த இடத்தில் புனித அந்தோனியார். ட்ரக் வாங்கிய அன்று பாதர் மந்திரித்த படம். லமினேற் பண்ணி, நாலு மூலையும் பசை போட்டு, லேபிளுக்கு நேர் மேலே ஒட்டியிருக்கிறார். உலகத்தில் வேறு இடமில்லை போல.

மலரிடம் சொன்னேன்.

"நீங்கள் வாயே திறக்கக்கூடாது. கதிரை எண்ணினது காணாதோ?"

கதிரைக் கதை: கல்யாண ஹோலில் நானூறு கதிரை போட்டிருக்கு என்று ச. சொன்னார். நான் எண்ணிப் பார்த்து 372 என்றேன். அவருடைய அண்ணன் தம்பிமாருக்கு முன்னால். பத்து மாதம் என்னோடு கதைக்கவில்லை. தர்சினி இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று அழுதாள். கணக்கு சரி. நான்தான் சரியில்லை.

இப்போது அவர் ட்ரக்கில் குறை பிடித்து, அதுவும் சைவ சமயத்துக்காரன் நான் போய் அந்தோனியாரை உரி என்று சொல்வதா?

செவ்வாய், மே 6

வேலையில் சாப்பாட்டு இடைவேளை. பக்கிங் ஸ்லிப்பின் பின்பக்கத்தில் கணக்கு. இதே மொடல் ட்ரக்குகள் சிலது 1,300தான் தாங்கும், சிலது 2,000க்கு மேல். ச.வுடையது எது? அந்தோனியாருக்கே வெளிச்சம்.

தாடிக்காரருக்கு போன். சனங்கள் எல்லாரும் இப்படித்தான் கொண்டுபோகிறார்கள் என்றார். எத்தனை பேருக்குக் கணக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஓட்டுநர் ஒருவராம், 150 இறாத்தலாம். ச. அந்தக் கணக்குக்குள் ஒரு காலை வைக்கலாம்.

பின்னேரம் குடும்ப வாட்ஸப்பில் றோஸ்மேரியின் சாமான் பட்டியல்: பெரிய கூலர் 2, அரிசி ஒரு மூட்டை, இடியப்ப உரல், பாய் 2, அம்மி (சின்னது), கருவாடு. கடற்கரைக்குக் கருவாடு. மலர் அதற்குக் கீழே: கோழி 3 நான் கொண்டுவாறன் அக்கா.

ஒருத்தருக்கும் எடை பற்றிக் கவலை இல்லை. நான் மட்டும் பேயன்.

முழங்கால் வலி. மருந்து எடுக்க மறந்தேன்.

வியாழன், மே 8

வெயில். கடைசியில் புல் வெட்டியாயிற்று.

தாடிக்காரர் போன்: 28 அடியை வேறு ஒரு குடும்பம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறதாம், திங்களுக்குள் முடிவு வேணுமாம்.

உடனே ச.வுக்கு எடுத்தேன். சொல்லிவிடலாம் என்றுதான்.

"உங்களுக்கு உதுதானே விருப்பம், சம்மந்தி?"

"உங்களுக்கு விருப்பமெண்டால் எனக்கும் விருப்பம்."

"இல்லை, உங்களுக்கு உதுதானே விருப்பம்?"

மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஓம் என்றேன். வைத்த பிறகு என்மேலேயே கோபம். 401 ஹைவேயில், பின்சீற்றில் பேத்தி, மேலே ஒரு வீட்டின் பாரம், நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காத ட்ரக். இதைத் தெரிந்துகொண்டும் ஓம் ஓம் என்கிறேன். ஏன்? ஒரு மனிதர் முகம் கோணுவாரே என்று.

தர்சினி அனிக்காவை விட்டுப்போக வந்தாள். பிள்ளையின் கார் சீற் எத்தனை கிலோ என்று கேட்டேன்.

"ஏன் அப்பா?"

"சும்மா."

பிள்ளை பதின்மூன்று கிலோ, சீற் ஒன்பது. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு, மே 11

அன்னையர் தினம். அஜக்ஸில் ச. வீட்டில் மதியச் சாப்பாடு. அவர்கள் பூசை முடிந்து வர ஒரு மணி. ஆட்டுக்கறி, கணவாய், பிட்டு. ஜெரோமும் தர்சினியும் பிள்ளையைத் தூங்கவைக்க மேலே.

ச. ட்ரக் கழுவியிருப்பதைக் காட்ட என்னை வெளியே கூட்டிப்போனார். கதவைத் திறந்தார். அந்தோனியாரும் குழந்தை யேசுவும் என்னையே பார்த்தார்கள். இனி முடியாது என்று தோன்றியது.

"சம்மந்தி, ஒண்டு கேக்கவேணும். குறை நினைக்கக்கூடாது."

"கேளுங்கோ."

"இந்த ட்ரக் எவ்வளவு பாரம் தாங்குமெண்டு ஒரு நம்பர் இருக்கு. அது அந்தோனியாருக்குப் பின்னால இருக்கு."

ச. தூணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கதிரை ஞாபகம் வந்தது.

"பாதர் மந்திரிச்சது," என்றார்.

"தெரியும். அதுதான் கேக்கப் பயந்தனான்."

படத்தின் மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "றோஸ்! உம்மடை தலை காய வைக்கிற மெஷினைக் கொண்டு வாரும்!"

கராஜிலிருந்து வயர் இழுத்து, சூடு காட்டிக் காட்டி, மூலை மூலையாக. உரிக்க முன் ச. சிலுவை அடையாளம் போட்டார். "கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுறம், அவ்வளவுதான். கோவிக்கமாட்டார்." றோஸ்மேரி படத்தை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். ஒரு மூலை கொஞ்சம் கிழிசல்.

லேபிள்: 672 கிலோ. 1,482 இறாத்தல்.

நான் வாய் திறக்கவில்லை. இந்த முறை உண்மையாகவே திறக்கவில்லை. அவரே கேட்டார்.

"கணக்கைச் சொல்லுங்கோ. உங்களுக்குத் தெரியும்."

சொன்னேன். நிரப்பின ரெயிலர் 1,700, கொழுக்கி 140. நாங்கள் ஒருவரும் ஏற முன்னமே எல்லை தாண்டிவிட்டது. வெறும் ரெயிலரை இழுத்தாலே 38 கூட.

"முப்பத்தெட்டுக் கூட," என்றார். ட்ரக்கின் படியில் இருந்துவிட்டார். போச்சு, கல்யாண ஹோல் மறுபடி என்று நினைத்தேன்.

"சம்மந்தி, உண்மையைச் சொல்லட்டோ? நான் வாழ்க்கையில ஒண்டையும் கட்டி இழுத்ததில்லை."

"என்ன?"

"போன கிழமை ஒரு குட்டி ரெயிலரை வாடகைக்கு எடுத்து, மோல் பார்க்கிங்கில மூண்டு நாள் ரிவேர்ஸ் பழகினன். கடைச் சாமான் தள்ளுற வண்டில் நிப்பாட்டுற கம்பியை நெளிச்சுப்போட்டன். உந்த இருபத்தெட்டு அடியை நினைச்சால் எனக்குச் சோறு இறங்குதில்லை."

"பிறகேன் இழுப்பன் எண்டனீங்கள்?"

"நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டியள். பொம்பிளைப் பகுதி ஒண்டு கேக்க, மாப்பிளைப் பகுதி ஏலாதெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"நான் எங்க கேட்டனான்? நீங்கள்தானே ட்ரக் இருக்கெண்டு சொன்னனீங்கள். வேண்டாமெண்டால் உங்களுக்குக் குறையெண்டெல்லோ நான் ரெயிலர் பாக்க வெளிக்கிட்டனான்!"

ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவர். பிறகு நான். நிறுத்த முடியவில்லை, கண்ணால் தண்ணீர். ஜன்னலால் பார்த்த மலர் சண்டை என்று நினைத்து அகப்பையோடு ஓடிவந்தாள்.

எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு இன்றுதான் கணவாயின் ருசி தெரிந்தது. இரண்டாம் முறை போட்டபோது.

அந்தோனியார் இப்போது டாஷ்போர்டில். படம் நேராக நிற்கிறதா என்று ச. என்னிடம் கேட்டார். இடப்பக்கம் கொஞ்சம் சரிவு என்றேன். ஏற்றுக்கொண்டார்!

செவ்வாய், மே 13

வேலைக்கு அரை நாள் லீவு. நாலு பேரும் மறுபடி தாடிக்காரரிடம். 28 அடி வேண்டாம் என்று ச. தான் சொன்னார், நெஞ்சை நிமிர்த்தி: "அது எங்கட ட்ரக்குக்குப் பொருந்தாது." எங்கட என்றார். கவனித்தேன்.

21 அடி. இம்முறை உள்ளே போனோம். நன்றாகத்தான் இருக்கிறது. கட்டில் ஒன்று, மேசையை மடித்தால் இன்னொன்று, பிள்ளைக்குப் படுக்க ஒரு தட்டு. கட்டில் இரண்டும் பெண்களுக்கு. நானும் ச.வும் வெளியே கூடாரத்தில். அவர் குறட்டை விடுவாராம், றோஸ்மேரி எச்சரித்தார்.

கணக்கு: நிரப்பினால் ரெயிலர் 4,900. கொழுக்கியில் இறங்குவது 600. கொழுக்கிச் சாமான் 80. ஆட்கள் நாலு பேர் 640 (பெண்களின் எடையை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன், ச. காதுக்குள் சொன்னார்). பிள்ளையும் சீற்றும் 50. மொத்தம் 1,370. மிச்சம் 112.

தாடிக்காரர் என் கடதாசியைப் படம் எடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை.

அரிசி மூட்டை ரெயிலருக்குள். அம்மி வீட்டில். அம்மிக்காக மலரும் றோஸ்மேரியும் முகத்தை நீட்டினார்கள், வீடு திரும்பும் வழியெல்லாம்.

செய்யவேண்டியது: சாமான் ஏற்றிய பிறகு லொறி நிறுக்கும் தராசில் ஒருமுறை நிறுப்பது. ச.வும் வருவாராம். பிரேக் கொன்ரோலர் பூட்ட ஆள் பார்க்க. முழங்கால் மருந்து.

புதன், மே 14

மேகமூட்டம். மழை இல்லை.

தர்சினி வேலை முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"மாமா எல்லாம் சொன்னவர். ஸ்ரிக்கர் உரிச்சது, கணக்கு, எல்லாம்."

"ஓம். சின்ன ரெயிலர் எடுத்தாச்சு."

"அப்பா, ஐ ஹாவ் டு டெல் யூ சம்திங். கோவிக்கக்கூடாது. நான் யூலைக்கு டேகேயாரை கான்சல் பண்ணேல்லை."

விளங்கவில்லை எனக்கு. பிள்ளை எங்களோடு வருகிறாள், பிறகு பகலில் பிள்ளையைப் பார்க்கிற டேகேயார் எதற்கு?

"அந்தப் பெரிய ட்ரெயிலரோட அவளை அனுப்பியிருக்கமாட்டன் அப்பா. ஜெரோமும் நானும் ஒன்லைன்ல வாசிச்சுப் பாத்தனாங்கள். கடைசி நாள் அவளுக்குக் காய்ச்சல் எண்டு சொல்ல இருந்தம்."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"யாரிட்டச் சொல்ல? உங்களிட்டச் சொன்னால் மாமான்ரை ட்ரக் சரியில்லை எண்டு வரும். மாமாட்டச் சொன்னால் உங்கட ட்ரெயிலர் சரியில்லை எண்டு வரும். வெடிங்ல பட்டது காணும் அப்பா. ஐ காண்ட் டூ தட் அகெய்ன்."

சோபாவில் இருந்துவிட்டேன். அவள் அழக்கூடாது என்றுதான் நான் ஒரு கிழமை வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். அந்தக் கிழமை முழுக்க அவள் எனக்குச் சொல்ல ஒரு பொய்யைத் தயார்படுத்தி வைத்திருந்திருக்கிறாள். காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். றோட்டில் நாலு பேரும், வீட்டில் அவள் பயந்தபடி. அவள்மேல் கோபம் வரவில்லை. என் பிள்ளையை இப்படிப் பயந்தவளாக ஆக்கினதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

"இப்ப?" என்று கேட்டேன்.

"இண்டைக்குக் காலமை போன் பண்ணி கான்சல் பண்ணிட்டன்."

மலர் குசினியிலிருந்து, "நிண்டுகொண்டு என்ன கதை, சாப்பிட்டுட்டுப் போ பிள்ளை."

சப்பாத்தைக் கழற்றினாள்.