மடங்காத காலுக்கு ஒரு வண்டி

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் உங்கள் வலது முட்டியும் சுகம்தானே? எனக்கு முழங்கையில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

வேலப்பன்சாவடியில் பேட்டரி ஸ்கூட்டர் பார்க்கப் போனேன். கடைக்காரர், "இன்னாக்கா, சாரைக் கூட்டிகினு வா, அவரு ஓட்டிப் பாக்கட்டும்" என்றார். "ஓட்டப்போறது நான். அவங்க பின்னால உக்காருவாங்க, கால் மடங்காது" என்றேன். கூட வந்த அறைத்தோழி ரூஹியின் காலை உங்கள் கால்போலத் துப்பட்டாவால் நேராகக் கட்டி, பின்னால் ஏற்றி நூம்பல் வரை ஓட்டினேன். திருப்பத்தில் அந்தக் கால் மணல் குவியலில் இடித்து, இருவரும் மணலில் உட்கார்ந்துவிட்டோம்.

அந்த வண்டி வேண்டாம். நீளமான சீட்டுள்ள இன்னொன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். கால் நீட்டிவைக்கப் பலகையை வெல்டிங்காரர் பொருத்தித் தருவார். 'பஸ் படி ஏற முடியாது, சென்னை எனக்கெதற்கு' என்று இனி நீங்கள் சொல்ல முடியாது.

இடுப்பிலிருந்து குதிகால்வரை நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். தையல்காரரான உங்களுக்கு இதையும் சொல்லித்தர வேண்டுமா? போனில் இஞ்ச் கணக்கு சொல்லாதீர்கள், நூலே வேண்டும். உங்கள் கை பட்ட பொருள் ஒன்றும் இந்த அறையில் இல்லை.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. வண்டிக்கு முன்னாலேயே ஹெல்மெட் வாங்கிவிட்டேன், இரண்டு.

ஜுலைகா
அம்பத்தூர்