சைகோன் மாப்பிள்ளை கல்யாணத்தில் என் பாட்டு

1952 வைகாசி, வெள்ளிக்கிழமை இரவு

நானே எழுதிப் பாடிய பாட்டின் இசைத்தட்டை இன்று காலை தலத்தெருவில் ஒரு கல்யாண வீட்டில் போட்டிருக்கிறார்கள். நம்ம ஊர்க்காரன் பாட்டு என்ற பெருமையில், மைக்செட்டுக்காரர் தட்டை முன்கூட்டி ஓட்டிக் கேட்காமலே, தாலி கட்டி முடிந்ததும் அதை வைத்துவிட்டார். கப்பலேறிப் போன கணவனை நினைத்து ஒருத்தி அழுகிற பாட்டு. மாப்பிள்ளைக்கோ அடுத்த மாதம் சைகோனுக்குக் கப்பல்.

மத்தியானம் மாப்பிள்ளையின் அப்பா என் வீட்டுக்கே வந்துவிட்டார். "கல்யாண வீட்டுல ஒப்பாரி வச்சிட்டீங்களே தம்பி. இனிமேயாவது சந்தோஷமா நாலு பாட்டு எழுதுங்க" என்றார். மன்னிப்புக் கேட்டேன். பாட்டைப் போட்ட இடத்துக்காகத்தான் கேட்டேன், பாட்டுக்காக அல்ல.

சாயங்காலம் மைக்செட்டுக்காரர் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "பெரியவரு இங்க வந்திருந்தாருல்ல, அப்பப் பாத்துக் கல்யாணப் பொண்ணு மறுபடி போடச் சொல்லி அனுப்பிச்சுங்க. ரெண்டு தடவை போட்டேன்."

அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவள் கேட்டது எனக்குப் போதும். அடுத்த தட்டுக்கும் இப்படித்தான் எழுதுவேன். பெரியவருக்குப் பாட்டு மாற வேண்டும். பையனின் பயணம் மட்டும் மாறாது.