வெள்ளை நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு

இன்று காலை பஞ்சாயத்து ஆட்கள் பாலத்துக் கைப்பிடிச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு இல்லை, வெள்ளை எனாமல். தின்னர் வாசனை புளியமரம் வரைக்கும் வந்து என் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டது. காலனியில் தடுப்பூசி நாள், பெட்டியில் ஐஸ் கரைந்துவிடும், கிளம்பு என்று புத்தி சொல்கிறது. கால் தரையை விட்டு எழவில்லை. பெயின்ட் அடித்தவர், "ஈரமா இருக்குதுங்க சிஸ்டர், சாஞ்சிடாதீங்க" என்றார். சாய்வதற்கு இனி யார் இருக்கிறார்கள் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. உங்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அடுப்படியில் நின்று சத்தமாகவே பேசிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டேன். அதனால் எழுதுகிறேன். பட்டாளத்தில் இருந்தபோது நான் பக்கம் பக்கமாக எழுதியதற்கெல்லாம் நாலு வரியில் பதில் போட்ட மகராசன் நீங்கள். இதற்கு அந்த நாலு வரியும் வராது என்று தெரியும்.

சர்வீஸ் முடித்து வந்த வாரம் பெட்டியைக்கூட நீங்கள் பிரிக்கவில்லை. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய் ஒரு டப்பா வெள்ளை பெயின்ட் வாங்கி வந்து, வாசலில் துருப்பிடித்துக் கிடந்த இரும்பு நாற்காலிக்கு அடித்தீர்கள். மிச்சத்தை உங்கள் அப்பாவின் பழைய மொபெட்டுக்குத் தீற்றினீர்கள். பால்காரர் வண்டி மாதிரி இருக்கிறது என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

பட்டாளத்தின் கடைசிக் காலத்தில் ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் அமைதிப்படையில் இருந்துவிட்டு வந்திருந்தீர்கள். அந்த ஊரின் பெயர் என் வாயில் நுழையவே இல்லை. இத்தனை வருடம் ஒளிந்து நிற்கத்தான் பழக்கினார்கள், அங்கே போனதும் எல்லாம் தலைகீழ் என்றீர்கள். வண்டிக்கு வெள்ளை பெயின்ட், தலைக்கு நீலத் தொப்பி, கூடாரத்துக்கு மேலே கொடி, இருட்டினால் அந்தக் கொடிக்கு விளக்கு. அடித்துக்கொள்ளும் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய், இரண்டு பேர் கண்ணிலும் படும்படி நிற்க வேண்டும். தண்ணீருக்கு போர்வெல் போட்டுக் கொடுப்பது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை மேய்வது எல்லாம் அதற்கு அப்புறம்தான். "ரெண்டு பக்கமும் நாம தெரியணும். அவ்ளோதான் வேலை" என்றீர்கள். சும்மா நிற்பதற்கு இப்படியும் ஒரு சம்பளமா என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

நம் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஓடை. ஓடைமேல் இந்தப் பாலம். நாம் ஊர்ப்பக்கத்து ஆட்கள். மாரியம்மன் பண்டிகை நெருங்கினால் யாராவது எங்காவது முறைத்துக்கொள்வதும், தாலுகா ஆபீசில் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்து டீ கொடுப்பதும் வழக்கம். ஒரு வருடம் தருமபுரியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனமும் வந்து சேர்ந்துகொண்டது. போலீசும் தாலுகா ஆபீசும் அவர்களும் சேர்ந்து அமைதிக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். அமைதி இருந்தால்தான் வளர்ச்சி வரும் என்று பேனர் கட்டினார்கள். பட்டாளத்துக்காரர் என்று உங்களையும், இரண்டு பக்கத்துக் குழந்தைகளுக்கும் ஊசி போடுகிற நர்ஸ் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

அந்தப் பயிற்சி வகுப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது. எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, ஒரு நூல்கண்டைக் கொடுத்து, ஒருவர் மேல் ஒருவர் வீசச் சொன்னாள் பயிற்சி கொடுக்க வந்த பெண். நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியதும், பாருங்கள், நாம் எல்லோரும் எப்படிப் பிணைந்திருக்கிறோம் என்றாள். உங்கள் பெரியப்பா மகன் கந்தசாமி அண்ணன் விரலில் சிக்கிய நூலைப் பிரிக்கத் தெரியாமல் கத்தரிக்கோல் கேட்டார். அப்புறம் வெளிநாட்டு அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொல்லி உங்களிடம் மைக்கைக் கொடுத்தார்கள். பைலும் பேனாவும் கொடுக்கிற காசுக்கு நாலு டப்பா வெள்ளை பெயின்ட் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அதற்கப்புறம் ஊரில் முணுமுணுப்பு கேட்டால் போதும், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் போய்விடுவீர்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. யாரையும் தடுப்பதில்லை, யாருக்கும் புத்தி சொல்வதில்லை. பேப்பர் படிப்பீர்கள். என்ன மாமா காத்து வாங்கறீங்களா என்று கேட்பவர்களுக்கு, ஆமாப்பா என்பீர்கள். ஆனால் நீங்கள் அங்கே இருக்கும்போது கையில் கட்டையோடு எவனும் பாலம் ஏறியதில்லை. வெயிலில் காய்ந்து வருகிறவருக்கு மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டே நான் திட்டுவேன். நாற்காலியைத் தேய்ப்பதற்குப் பெயர் ஊர்ச் சேவையா என்பேன். "போங்க சிஸ்டர்" என்பீர்கள். கட்டின பெண்டாட்டியை ஊரோடு சேர்ந்து சிஸ்டர் என்று கூப்பிட்டவர் இந்த ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவர்தான்.

தீர்த்தமலைக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்றுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பஸ் நகர்ந்துவிட்டது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி பின்னால் ஓடிவந்து பஸ்ஸை உள்ளங்கையால் தட்டினாள். கண்டக்டர் கவனிக்கவில்லை. நீங்கள் எழுந்து போட்ட கூச்சலில் பஸ்ஸே உறைந்துபோனது. அப்படி ஒரு குரல் உங்களிடம் இருப்பது இத்தனை வருடம் குடும்பம் நடத்திய எனக்கே தெரியாது. வண்டி நின்று அவள் ஏறிக்கொண்டாள். நீங்கள் இறங்கிவிட்டீர்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். நீங்கள் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

அங்கே வைத்துத்தான் சொன்னீர்கள். அந்த நாட்டில் உங்கள் முகாமுக்குள் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. தினமும் ஒருத்தி மஞ்சள் கேனோடு வந்து தண்ணீர் பிடித்துப் போவாள். உங்களைப் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான் பழக்கம். சண்டை நெருங்கியபோது சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வந்து முகாம் வேலியோரம் படுத்துக்கொண்டது. வெள்ளை வண்டி இருக்கிறது, கொடி இருக்கிறது, இனி ஒன்றும் ஆகாது என்று நம்பி வந்தவர்கள். பிறகு உங்களுக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. மூட்டை கட்டி வண்டி ஏறினீர்கள். வண்டிகள் கிளம்பியதும் அந்த ஜனம் பின்னால் ஓடி வந்தது. அவளும் ஓடி வந்தாள், முதுகில் கேனோடு. நீங்கள் ஏறியிருந்த வண்டியின் பின்கதவைத் தட்டிக்கொண்டே வந்தாள். கதவையொட்டி உட்கார்ந்திருந்தது நீங்கள்.

"பேரு கூடக் கேட்டு வெக்கல" என்றீர்கள். உத்தரவுக்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று நான் சொன்னேன். வேறு என்ன சொல்ல வரும்? நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "அது இல்ல. நாங்க தெரியாம இருந்திருந்தா அவங்கல்லாம் காட்டுக்குள்ள ஓடியிருப்பாங்க. தப்பிச்சிருப்பாங்க. வெள்ளையடிச்சி வெளக்குப் போட்டு அவங்கள அங்க வர வெச்சது நாங்கதான்."

அதற்குப் பிறகு நான் நாற்காலியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பண்டிகை நாளைப் பற்றி ஊர் இன்றைக்கும் பேசுகிறது. எனக்குப் பேசப் பிடிப்பதில்லை. பாலத்தில் ஊர்ப் பையன் பைக்கும் காலனிப் பையன் பைக்கும் உரசி, வாய்ச்சண்டை கைகலப்பாகி, ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவனுக்கு மண்டை உடைந்து அரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானத்துக்குள் அவன் செத்துவிட்டான் என்று போனில் செய்தி பரவியது. ஊர்ப்பக்கத்தில் கூட்டம் திரண்டது. நீங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு வந்துவிட்டீர்கள். நான் அப்போது காலனி அங்கன்வாடியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். பெண்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள், நானும் ஓடினேன். மலைப்பக்கம் போயிருக்கலாம், கரும்புக் காட்டுக்குள் புகுந்திருக்கலாம். ஒருத்தரும் அப்படிப் போகவில்லை. எல்லோரும் பாலத்துக்கு ஓடிவந்து உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். நீங்கள் திரும்பிப் பார்த்தபோது உங்கள் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஸ்டேஷன் ஜீப் வந்தது. அதில் இன்ஸ்பெக்டரும் இரண்டு மூன்று போலீசும்தான். பண்டிகை பந்தோபஸ்துக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு ஊர் போயிருந்தார்கள். அரூரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், அதுவரை நீங்களும் சிஸ்டரும் ஜீப்பில் ஏறி ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். சின்ன வயசு, நல்ல மனுஷன், நம்மேல் அக்கறையில்தான் சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஏறிவிடலாம் என்று நான் கண்ணால் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உயிர் போகிற பயம். நீங்கள் அதைப் படித்துவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினீர்கள்.

"சார், ஜீப்பு இங்கயே நிக்கட்டுங்க. அது கெளம்புனா இவங்க பின்னாடி ஓடி வருவாங்க."

இன்ஸ்பெக்டர் எங்களை ஒருமுறை பார்த்தார். டிரைவரிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கூட்டம் வந்தது. முன்னால் வந்தவர் கந்தசாமி அண்ணன். எந்திரி, நீ யாருக்குப் பொறந்தவன் என்று கேட்டார். பங்காளி வாயிலிருந்து அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? "உக்காந்துனு இருக்கறது தெரியுதில்லண்ணா" என்று மட்டும் சொன்னீர்கள். பின்னாலிருந்து வந்த கல் உங்கள் புருவத்தைப் பிளந்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் இறங்கியது. நான் ஓடிவரக் காலெடுத்தேன். திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி என்னை நிறுத்தினீர்கள். நான் அசைந்தால் மொத்தக் கூட்டமும் கலைந்து ஓடும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஓடுகிறவர்களைத் துரத்துவது சுலபம்.

கடைசியில் அந்தப் பையனின் அம்மாதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டாள். யாரோ ஸ்பீக்கரில் வைத்தார்கள். "எம் புள்ள உசுரோட பன்னு தின்னுக்கினு இருக்கறான், எவன்டா செத்துட்டான்னு சொன்னவன்?" என்று ஆரம்பித்து அவள் திட்டிய திட்டில் கட்டைகள் கீழே இறங்கின. கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்ற காலனி ஜனத்திலும் யாரும் உங்கள் காலில் விழவில்லை. குழந்தைகளுக்குப் பசி, வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எனக்குப் பெருமை வரவில்லை, கோபம்தான் வந்தது. தையல் போட்டு வீட்டுக்கு வந்து நாலு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னை மட்டுமாவது ஏற்றி அனுப்பியிருக்கலாமே என்று கடைசியில் கேட்டே விட்டேன். "ஒன்ன ஏத்தியிருந்தா அவங்க என்ன நெனச்சிருப்பாங்க?" என்றீர்கள். நியாயம்தான். நியாயத்தோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் கேட்டேன். இனி அந்தப் பெண் உங்களை விட்டுவிடுவாள் அல்லவா என்று. அப்படித்தான் நம்பியிருந்தேன். அங்கே விட்டதை இங்கே செய்துவிட்டீர்கள், இனி ராத்திரியில் எழுந்து உட்கார மாட்டீர்கள் என்று. மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இவங்க வேற, அவ வேற" என்றீர்கள். "அவ இன்னமும் ஓடிக்கினுதான் இருக்கறா."

உங்கள் நெஞ்சுவலியைப் பற்றி எழுத எதுவும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் வருகிற மாதிரி வந்தது. தருமபுரி ஆஸ்பத்திரியில் அந்தச் சாயங்காலம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், திற என்றீர்கள். மருந்து வண்டி உருளும் சத்தம் என்றேன். மறுபடியும் சொன்னீர்கள். போய் வார்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே வெறும் வராந்தா. வந்துவிட்டாளா என்று கேட்டீர்கள். வந்துவிட்டாள், உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். பொய் சொன்னால் எனக்கு மூக்கு விடைக்கும் என்று வாழ்க்கை முழுக்கக் கேலி செய்தவர் நீங்கள். என் மூக்கைத்தான் பார்த்தீர்கள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அதுதான் கடைசி. இந்த ஒன்றுக்காகத்தான் என்னால் உங்களை நிம்மதியாக நினைக்க முடியவில்லை.

போன வாரம் அமைதிக் குழுவில் உங்கள் இடத்துக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். பண்டிகை வருகிறது, நாற்காலியில் நீங்கள் சும்மா உட்கார்ந்தால் போதும் சிஸ்டர் என்றார்கள். கூட்டத்துக்கு வருகிறேன், டீ குடிக்கிறேன், நாற்காலி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜீப் வந்தால் ஏறிவிடுகிற ஆள் நான். என்னை நம்பி ஒருத்தி பின்னால் வந்து நின்றுவிடக் கூடாது. அவர்களுக்கு வருத்தம்தான். உங்களுக்கு இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் அவள் என்னிடம் வந்துவிட்டாள். சித்தேரி மலைப்பாதையிலோ ஆஸ்பத்திரி ரோட்டிலோ, வண்டி வேகம் எடுக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. காலிக் கேன் முதுகில் மோதுகிற சத்தமும். கண்ணாடியில் யாரும் இல்லை. பயமாக இருக்கிறது, உங்களிடம் மறைப்பானேன். பிரேக்கைப் பிடித்து ஓரமாக நிற்கிறேன். பேர் தெரியாததால், "ஏறிக்கம்மா" என்கிறேன். என் பாஷை அவளுக்கு எங்கே புரியப்போகிறது? கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். பின் சீட்டு ஒரு தடவைகூட அமுங்கியதில்லை.