அப்பா பல்லில் தட்டிப் பார்க்கும் முட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவர் துணை.

உன் கடிதம் வந்தது. அப்பா தவறிய துக்கத்தில் ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் போடவில்லை, ரொட்டியும் சுடவில்லை, சின்னவள் தேம்பித் தேம்பி அழுதாள், முட்டைக்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம் என்று வேறு கேட்டாள், பதில் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் படிப்பில்லை, ஆனால் என் மாமியார் சொன்னது ஒன்றும் மறக்கவில்லை. தவக்காலத்தில் நாம்தான் முட்டையைத் தொடமாட்டோம், கோழிக்கு ஏது தவம், அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்ததைக் கெடாமல் அவித்து வைத்தார்கள். வெண்ணெயும் அப்படியே சேர்ந்தது, அதையெல்லாம் கொட்டிப் பிசைந்துதான் திருநாள் ரொட்டிக்கு அவ்வளவு ருசி. சிவப்பு, ஆண்டவர் சிந்திய ரத்தம். ஓடு, மூடிய கல்லறை. ஒன்றோடொன்று மோதி உடைக்கிறது, கல்லறை திறந்ததற்கு. இதைச் சொல், புரிந்துகொள்வாள், அவள் உன்னைப்போல் இல்லை, கெட்டிக்காரி.

துக்க வீட்டில் சாயம் போடுவதில்லை, உண்மைதான். என் அடுப்பில் சிவப்புச் சாயத்துக்கு வெங்காயத் தோல் கொதிக்காத பெரிய வியாழன் இதுதான் முதல். அப்பா டிப்போ வேலைக்குப் போட்டுப்போகிற சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஆனால் நீ பாதி வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டாய். துக்க வீட்டுக்கு வேறு வீட்டிலிருந்து முட்டை வரவேண்டும் என்பதும் உண்டு. எனக்குக் கொண்டுவந்தது யார் தெரியுமா, அப்பாவின் அண்ணி, உன் பெரியம்மா. கல்யாணமாகி வந்து நான் சுட்ட முதல் ஈஸ்டர் ரொட்டியை அத்தனை பேர் முன்னால் தட்டிப் பார்த்து, இத வச்சுச் சுவரே எழுப்பலாம் என்று சொன்னாளே, அவளேதான். நான் மறந்தேன் என்று நினைக்காதே. ஈஸ்டர் காலையில் வாசலில் கூடையோடு நின்றாள், கதவைப் பாதிதான் திறந்தேன். ஏண்டி, எம்மேல இருக்கிற கோவத்த முட்டமேல காட்டாத, என் கொழுந்தன் வீட்ல இன்னிக்குச் சிவப்பு இல்லாம இருக்கக் கூடாது என்றாள். கொழுந்தன் என்னும்போது அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. மீதிக் கதவையும் திறந்தேன்.

கூடையிலிருந்து ஒன்றை எடுத்தேன். யோசிக்கவே இல்லை, மோதினால் உடையாத கெட்டி ஓடா என்று அப்பா பார்ப்பாரே, அதேபோல் முன்பல்லில் தட்டினேன். சத்தம் மந்தமாக இருந்தது, வைத்துவிட்டேன். மூன்றாவதுதான் கணீரென்றது. பெரியம்மா பார்த்துக்கொண்டே நின்றாள், இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது. கிறிஸ்து உயிர்த்தார் என்று சொல்லி மோதினோம். உடைந்தது அவளுடையது. கூடையில் அவள் வைத்திருந்த ரொட்டி நன்றாகத்தான் இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை.

திருநாள் ஒரு நாளோடு முடிகிறதில்லை. துக்கம் என்னோடு இருக்கட்டும், பிள்ளை இருக்கிற வீட்டில் அது நாற்காலி போட்டு உட்காரக்கூடாது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வெங்காயத் தோலைக் கொதிக்கவிட்டு முட்டையைப் போடு. மனசு வரவில்லையென்றால் அது நான் கூடையில் கொண்டுவந்தது என்று நினைத்துக்கொள். சின்னவளுக்குப் பல்லில் தட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடு. முன்பல் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், பக்கத்துப் பல்லில் தட்டட்டும். தாத்தாவின் காது அவளுக்கு வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவேண்டும்.

மூன்று பேரும் நிறைவாக இருங்கள், ஆண்டவர் கை உங்கள் தலைமேல் இருக்கட்டும். சாயத்தில் ஒரு கரண்டி வினிகர் விட மறக்காதே, போன வருஷம் மறந்தாய்.

இப்படிக்கு,
உன் அம்மா