கறுப்பியின் பதவி

12 மார்ச் 2005, சனி

காலையில் கறுப்பியை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. மனைவி கமலம் கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் பப்பாளி மரத்தடியில் புதைத்துவிட்டு ஜங்லிகாட் சந்தையில் கோழிக்கடைக்கு ஓடினேன்.

டிசம்பரில் நிலம் ஆடுவதற்கு முன்பே கத்தி, எங்களை வெளியே வரவைத்த கோழி அது. அரசாங்கம் தீவில் சுனாமி எச்சரிக்கைக் கருவி வைக்கப்போகிறதாம். அதுவரை எங்கள் வீட்டில் அந்தப் பதவி கறுப்பிக்குத்தான். அன்று தம்பியைக் கடலில் இழந்த கமலம், கறுப்பி கூடையில் அடங்கியதைப் பார்த்த பிறகே படுப்பாள். சின்ன நடுக்கங்கள் இன்னும் நின்றபாடில்லை.

கடைக்காரர் அதே கறுப்பில் ஒரு கோழியை எடுத்துக் கொடுத்தார். "மெயின்லேண்ட் கோழி, அண்ணே. நேத்துதான் கப்பல்ல வந்துச்சு. ஏக்தம் சாது, வாயே திறக்காது."

வாய் திறக்கிற கோழிதான் வேண்டும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இரவு கமலம் கூடைக்குள் டார்ச் அடித்தாள்.

"என்னங்க, இன்னைக்கு இவ்வளவு அமைதியா இருக்கா?"

"பூமி அமைதியா இருக்கு போல."

"அப்ப நிம்மதியாத் தூங்கலாம்."

மூன்று மாதத்தில் முதல் முறையாகக் குறட்டை விடுகிறாள். நிலநடுக்கமே பார்த்திராத கோழியும் தூங்குகிறது. மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனிமேல் கத்த வேண்டியவன் நான்தான்.