சங்குவலசையில் காலி மனை இல்லை

சேசு மரி சூசை

சவேரியார்பட்டி,
1938 பிப்ரவரி 13, ஞாயிறு.

அன்புள்ள மகள் பிலோமினாவுக்கு அம்மா இருதயம்மாள் எழுதுவது. சவேரியார் புண்ணியத்தில் இங்கே நாங்கள் எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் என் பேத்தி ரோசுவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் எழுத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டால் நன்றாக நடக்கிறார், நடக்க முடிகிறதே என்று வயலுக்குப் போய்த் தண்ணீரில் நின்றுவிட்டு வந்து மறுபடி முனகுகிறார். செவலைப் பசு கிடேரிக் கன்று ஈன்றிருக்கிறது, சீம்பால் காய்ச்சும்போது ரோசுவை நினைத்துக்கொண்டேன். நீ உச்சிப்புளியில் ரயிலேற்றி விட்ட பிறகு ஒரு கஷ்டமும் இல்லாமல் வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த கருவாட்டுக் கூடை எனக்குப் பெரிய உபகாரம் செய்தது. மதுரையில் தேனி ரயில் ஏறியபோது நிற்க இடமில்லை, கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒண்டினேன், கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனாள், எதிரில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள், நான் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்று கடைசியில் தெரியும், மறந்துவிடாதே.

நான் தனியாக வந்து இறங்கியதை ஊரே பார்த்தது. உன்னையும் பிள்ளையையும் கையோடு கூட்டி வருவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தானே புறப்பட்டேன், அதற்காக மேற்கு அறையைச் சுண்ணாம்பு அடித்து, கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டு வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ராமுத்தாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, ஏத்தா இருதயம், புள்ளய எங்கன விட்டுட்டு வந்த என்று கேட்டாள். அவ வீட்டுல விட்டுட்டு வந்தேன் என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் சங்குவலசையில் வண்டியை விட்டு இறங்கியபோது எனக்கும் விளங்கவில்லை, அழுகைதான் வந்தது. வாத்தியார் வேலை கிடைத்தது என்று மருமகன் சந்தியாகு உன்னை அங்கே கூட்டிப் போனார், சம்பளத்தை மிச்சம் பிடித்து அந்தக் கடலோரத் துண்டை உன் பேரில் வாங்கினார், ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார், அதற்குப் பிறகும் அவருடைய பள்ளிக்கூடத்தை நடத்திக்கொண்டு நீ அங்கேயே இருக்கிறாயே, பச்சை என்று கண்ணுக்கு ஒன்றும் இல்லாத மணலில் எதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாய் என்று வயிறு எரிந்தது. நம் பக்கத்து வழக்கப்படி குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. அதைத் துப்பியபோதே நாளைக்கே மூட்டை கட்டச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து உன் பெரியப்பா இஞ்ஞாசிமுத்து நம் வீட்டுக்கு வந்தார், கூடவே தேனிக் கடைத்தெருவில் ஏலக்காய் மிளகு வியாபாரம் செய்யும் வைகுண்டராஜ். இருவரும் கார்த்திகை மாதம் உன்னைப் பார்க்க வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார்கள் என்று நீ சொன்னாயே, அது உன்னைப் பார்க்க வந்த வருகை இல்லையாம், இடத்தைப் பார்க்க வந்ததாம். மதுரையில் அச்சடித்த நோட்டீஸ் ஒன்றை விரித்துப் பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். சங்குவலசை என்பது அதிகம் பேர் அறியாத ஏகாந்தமான கடற்கரை என்றும், ஜனசந்தடி இல்லாத காலி மணல்வெளி என்றும், அருகிலேயே தித்திப்பான நீரூற்று உண்டென்றும், கோடைக்குக் காற்று வாங்க வரும் கனவான்களுக்கும் மனையில் முதல் போட நினைக்கும் வியாபாரிகளுக்கும் இது அரிய சந்தர்ப்பம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அரிய சந்தர்ப்பம் என்பது உன்னுடைய நிலம். அதை நீ எழுதிக் கொடுத்துவிட்டால் முன்னால் உள்ள மணலைப் பத்துப் பன்னிரண்டு மனையாகப் பிரித்து, பின்னால் உள்ள ஊற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மனை வாங்குகிறவர்களுக்கு மட்டும் தண்ணீர் விடுவது என்று ஏற்பாடு. பெரியப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பொம்பளப் புள்ள ஒத்தையில அங்கன கெடந்து என்ன செய்யப் போறா, வித்துப்போட்டு இங்கன வந்து நம்ம கஞ்சியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும் என்றார். வைகுண்டராஜ், காலியாத்தான கெடக்கு, யாருக்கு என்ன நட்டம் என்று தலையை ஆட்டினார்.

காலி என்ற அந்தச் சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. நீங்க ரெண்டு பேரும் என்னைக்கு அங்கன போனீக என்று கேட்டேன். ஞாயித்துக்கிழமை என்றார் பெரியப்பா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மூத்தவர் முன்னால் சிரித்தது தப்புத்தான், ஆனால் சிரித்தேன். நம் ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறை ஞாயிறு என்று பார்த்தா வருகிறது, பூசை முடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறவர்கள் நாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊர் முழுக்க வேலைக்கு இறங்காமல் இருக்கும் என்று உன் பெரியப்பாவுக்குத் தோன்றவே இல்லை. வேலை நடக்காத இடம் என்றால் ஆளில்லாத இடம் என்று முடிவு கட்டிவிட்டார். நானும் நீ என்னைச் சனிக்கிழமை வரச் சொல்லியிராவிட்டால் அப்படித்தான் நினைத்திருப்பேன். அன்றைக்குச் சாயங்காலம் உன் நிலத்தில் பெண்கள் எல்லோரும் கருவாட்டை வாரி ஓலைக் கூடைகளில் கட்டிவிட்டு, தென்னை விளக்குமாற்றால் அந்த மணலைக் கோடு கோடாகப் பெருக்கினார்களே, மறுநாள் பூசைக்குச் சாமியார் நடந்து வரும் பாதை என்று ஒரு செதில்கூட விடாமல் பொறுக்கினார்களே, அதைப் பார்த்த பிறகுதான் ஞாயிறு காலையில் அந்த மணல் ஏன் அத்தனை வெள்ளையாக வெறிச்சென்று கிடக்கிறது என்று புரிந்தது. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. நெத்திலி ஒரு பக்கம், சாளை ஒரு பக்கம், கீறி உப்பு வைத்த திருக்கை ஒரு பக்கம், வாளையைத் துணி காயப்போடுவது போலக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். காக்கை விரட்டிக்கொண்டிருந்த அக்கினேசம்மாளிடம் இந்த இடத்துக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். டீச்சரம்மா இங்கன வேலி போடாம விட்டிருக்காக, அதான் எங்க அடுப்பு எரியுது என்றாள். உன்னை அந்தப் பேர் சொல்லி ஒரு மனுஷி என்னிடம் பேசியபோது எனக்கு என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை. பெருமையாக இருந்தது ஆத்தா, ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஊற்றையும் பார்த்தேன். மணலைத் தோண்டிய குழியில் இறங்கிச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள், ஒருத்தி குடம் நிறைந்ததும் மேலே ஏறி அடுத்தவளுக்கு வழி விடுகிறாள், சண்டை இல்லை. கடல் கூப்பிடு தூரத்தில் கிடந்தும் அந்தத் தண்ணீர் நம் சுருளி அருவித் தண்ணீர் மாதிரி இனிக்கிறது. அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் மூட்டை கட்டச் சொல்லும் எண்ணம் என்னை விட்டுப் போனது.

ஆகையால் அன்றைக்கு நம் வீட்டில் நான் வாயைத் திறந்தேன். நோட்டீஸ் எழுதினவன் போய்ப் பார்க்கவில்லை, நான் போய்ப் பார்த்தவள், நான் சொல்லுகிறேன் என்றேன். காற்று வாங்க வருகிற கனவான் உச்சிப்புளியில் இறங்கி வண்டிக்காரனைக் கெஞ்ச வேண்டும், உடைமரக் காட்டில் பாதி வழியில் மாடு மணலில் நின்றுவிடும், மீதியை முள்ளுக்குள் நடக்க வேண்டும். சத்திரம் கிடையாது, காப்பிக் கடை கிடையாது, பசி என்று எந்தக் குடிசை முன்னால் நின்றாலும் சோறும் மீன் குழம்பும் போடுவார்கள், போட்டுவிட்டு நீ யார் எதற்கு வந்தாய் என்று துருவாமல் விடமாட்டார்கள். காற்று உண்டு, ஆடி மாதம் கூரையையும் சேர்த்துக் கொண்டுபோகிற காற்று. முதல் போட வருகிறவருக்கும் சொல்லுகிறேன், அங்கே காலி என்று ஒரு சாண் இடம் கிடையாது, உங்கள் கண்ணுக்குக் காலியாகத் தெரிவது ஒரு ஊர் சாப்பாட்டைக் காயவைக்கிற முற்றம் என்றேன். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது, பொம்பள பேசுற பேச்சா இது, ஊத்து யாரு நெலத்துல இருக்கோ அவுகளுக்குத்தான சொந்தம் என்றார். அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். போன வருஷம் தலைமடைக்காரன் வாய்க்கால் தன் வயலோரம் போகிறது என்று மடையை அடைத்தபோது, கடைமடையில் நம் நெல் கருகிற்று. நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மடையை வெட்டித் திறந்துவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு வந்தவர் உன் பெரியப்பாதான். அன்னைக்கு அவன் செஞ்சது அநியாயம்னா இன்னைக்கு நீங்க செய்யுறதுக்குப் பேர் என்ன என்று கேட்டேன். அப்போது உன் அப்பா, அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியே அறியாத மனுஷன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, நெலம் புள்ள பேருல இருக்குண்ணே, புள்ளையப் போய்க் கேளுங்க, அவ முடியாதுன்னா முடியாதுதான் என்றார். அன்று ராத்திரி அவருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்.

ஆகவே உன்னைக் கேட்க வருகிறார்கள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பெரியப்பா, வைகுண்டராஜ், மதுரையிலிருந்து மனை வாங்க நினைக்கும் இரண்டு மூன்று பேர், அவர்கள் வீட்டுப் பெண்களும் காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கூட வருகிறார்களாம். பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைதான் தோது என்றார். வைகுண்டராஜ் என்னிடம் திரும்பி, அங்க போய் வந்தவுக நீங்க சொல்லுங்க என்றார். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கும் ஆள் கிடைக்காது, படகும் ஓடாது, வேலை நாளில் போனால்தான் ஊரை ஊராகப் பார்க்கலாம் என்று சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. 24ந் தேதி வியாழக்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. விருந்தாள் வந்தால் வீடு வாசலைப் பெருக்கி வை என்று உனக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தவள் நான், இந்த ஒரு தடவை சொல்லுகிறேன், பெருக்காதே. அக்கினேசம்மாளிடம் சொல்லி அன்றைக்கு இருக்கிற மீனையெல்லாம் பரப்பச் சொல், திருக்கையைப் பாதை ஓரமாகப் போடச் சொல், காற்று எந்தப் பக்கம் இருந்து அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ரயிலில் என் கூடை ஒன்றுக்கே ஒரு பெட்டி எழுந்து போனது, உன் நிலம் முழுக்கக் கிடந்தால் என்ன ஆகும் என்று நீயே பார்த்துக்கொள். வந்தவர்களுக்கு வயிறு நிறையச் சோறு போடு, பெரியப்பா காலைத் தொட்டுக் கும்பிடு, அவர் உன்னைத் தூக்கி வளர்த்தவர், அதில் குறை வைக்காதே. கையெழுத்து என்று பேச்சு எடுத்தால் மட்டும் மாட்டேன் என்று சொல். அழுதுகொண்டு சொல்லாதே, யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்காதே, அம்மா சொல்லிக் கொடுத்தாள் என்றும் சொல்லாதே, உன் நிலம், உன் வாயால் சொல். அந்த வாசனை போய்விடும், அவர்கள் வேறு நாள் வருவார்கள், நீ சொன்ன சொல்தான் நிற்கும்.

ஒற்றையில் இருக்கிறாய் என்று எனக்குக் கவலை இல்லாமல் இல்லை. கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடு, ரோசுவைத் தனியாகக் கடல் பக்கம் விடாதே, தலைக்கு எண்ணெய் வை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. தபசு காலம் வருகிறது, நாற்பது நாளும் இங்கே கறி இல்லை, உச்சிப்புளி பக்கம் யாராவது வந்தால் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்ப மறக்காதே, ராமுத்தாயும் கேட்கிறாள், இனிமேல் உன்னைப் பற்றி அவள் வேறெதுவும் கேட்க மாட்டாள். மேற்கு அறையில் நேற்று மிளகாய் மூட்டைகளை ஏற்றி அடுக்கிவிட்டோம். கட்டிலை வெளியே எடுத்து உன் அப்பா படுத்துக்கொள்கிறார், முழங்காலுக்குத் தோதாக இருக்கிறதாம். நீ பெரிய விடுமுறைக்கு ரோசுவைக் கூட்டிக்கொண்டு வா, கூடத்தில் பாய் விரித்துத் தருகிறேன், நன்றாகத் தின்று உறங்கு, பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் உன்னை ரயிலேற்றிவிட நானே தேனிக்கு வருகிறேன். சேசுவின் திரு இருதயம் உன்னையும் பிள்ளையையும் அந்த ஊரையும் காக்கட்டும். இந்த வீட்டுக்கு இனிமேல் நீ விருந்தாளி ஆத்தா, உன் வீடு அங்கே இருக்கிறது.

இப்படிக்கு உன் அம்மா,
ம. இருதயம்மாள்