மச்சான் கம்பி

அன்பு மாறாத மாப்பிள்ளை அந்தோணிக்கு,

கல்லறைத் திருநாளன்றே உங்கள் கல்லறை முன் நின்று சொல்லியிருப்பேன். பக்கத்தில் தங்கை லூர்து மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். வாய் வரவில்லை.

சுனாமிக்கு மறுவருஷம் நீங்கள் போனதும், உங்கள் சவுண்ட் சர்வீசை விற்றுவிடும்படி கடலூரில் யார்தான் சொல்லவில்லை? லூர்து கேட்கவில்லை. ஆனால் பாக்ஸ்களைத் தரையில் அடுக்கும் வேலைகளை மட்டுமே எடுத்தாள். போன மாதம்தான் முதல்முறையாக, ஸ்பீக்கர் பாக்ஸ்களை மேலே தொங்கவிடும் வேலையைத் தன் பொறுப்பில் செய்தாள். சிதம்பரத்தில் ஒரு மண்டபம், பள்ளி ஆண்டு விழா. பாக்ஸ்களுக்கு நேர் கீழே, பாட வந்த பெண்பிள்ளைகளுக்கு நாற்காலிகள்.

"எல்லாத்துக்கும் மச்சான் கம்பி இருக்கான்னு ஒருவாட்டி பாத்துடுண்ணா" என்றாள்.

நீங்கள் வைத்த பெயர்! பாரத்தைச் சங்கிலி தாங்கும். அது அறுந்தால் பிடித்துக்கொள்ளக் கூடவே தளர்வாக ஓர் இரும்பு வடம். "இது நம்ம மச்சான் மாரி. ஒரு வேலையும் செய்யாது, சும்மா தொங்கிக்கினு கெடக்கும். ஆனா தங்கச்சி வுழுந்தா புடிக்கும்" என்று என்னை வைத்துக்கொண்டே ஆட்களிடம் சொல்வீர்கள். நானும் சிரிப்பேன்.

எண்ணினேன். எட்டு பாக்ஸ், எட்டு கம்பி. "சரியா இருக்கும்மா" என்றேன். வாத்தியார் வேலையில் வருகைப்பதிவு எடுத்தே பழகியவன். எண்ணிக்கை சரியானால் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு, பின்வரிசையிலிருந்து சும்மா அண்ணாந்து பார்த்தேன். வலப்பக்கக் கடைசி பாக்ஸின் சங்கிலியும் கம்பியும் உத்தரத்தில் ஒரே கொக்கியில் மாட்டியிருந்தன. வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்ததுபோல. வளையமே தொலைந்தால்?

நீங்கள் சொல்லும் மறுபாதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "மச்சான் தனி வூட்ல இருக்கணும். ஒரே வூட்ல இருந்தா, கூரை வுழும்போது ரெண்டு பேருமே காலி." எப்படி மறந்தேன் மாப்பிள்ளை?

ஓடிப்போய் லூர்துவிடம் சொன்னேன். மேலே ஒருமுறை பார்த்தாள். நேரே விழாப் பொறுப்பாளரிடம் போனாள். "புள்ளைங்கள எழுப்புங்க சார்."

அவர் கொதித்தார். "சீஃப் கெஸ்ட் வாசல்ல நிக்கறாரும்மா! இவ்ளோ நேரம் தொங்கனது இன்னும் ரெண்டு மணி நேரம் தொங்காதா?"

"அவுங்க எழுந்தாதான் மைக் ஆன் ஆவும்."

பிள்ளைகள் ஒதுங்கினார்கள். உங்கள் பழைய ஆள் செல்வம் சங்கிலியை இழுத்து இறக்கத் தொடங்கினான். கண்ணிக்குக் கண்ணி 'டக், டக்' என்று பாக்ஸ் ஆடியபடி வந்தது. கூட்டம் முணுமுணுத்தது. எனக்கு அந்தக் கொக்கி மட்டுமே தெரிந்தது. பாக்ஸ் தரையைத் தொட்டது.

"நேரமாச்சேன்னு மாட்டிட்டேன் சார்" என்றான் செல்வம்.

"மாட்டுனது நீ. சரின்னு சொன்னது நான்" என்றேன்.

கம்பியைத் தனி உத்தரத்தில் கட்டி, மறுபடி ஏற்றினோம். கொக்கியில் ஒரு குறையும் இல்லை. "ஒண்ணும் ஆவலியே, இதுக்கா இவ்ளோ கூத்து?" என்றார் பொறுப்பாளர்.

"ஒண்ணும் ஆவாம இருக்கத்தான் சார் எறக்கனோம்" என்றாள் லூர்து. பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டு மைக்கை ஆன் செய்தாள்.

அன்று நான் அண்ணாந்து பார்க்காமல் இருந்திருந்தால்?

அடுத்து நம் கோவில் திருவிழா. இனி நான் கம்பிகளை எண்ணிவிட்டுத் திரும்ப மாட்டேன். ஒவ்வொன்றும் எங்கே போய் முடிகிறதென்று கண்ணாலேயே பின்தொடர்ந்து பார்ப்பேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

தனி உத்தரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்,
உங்கள் மச்சான்.